இடது பக்கத்து பிரேக்

எங்கள் தொழிலில் ஸ்டீயரிங் இல்லாத பக்கம் உட்காருகிறவனுக்குத்தான் மாஸ்டர் என்று பெயர்.

தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷமாக நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் ஏதாவது ஒரு காலையில், எல் போர்டு மாட்டிய காரில், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் வியர்த்து நின்றவராக இருப்பீர்கள். பின்னால் வந்த பஸ்காரர் உங்கள் குடும்பத்தையே விசாரித்திருப்பார். அப்போது உங்கள் பக்கத்தில் ஒருவன் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தானே, அவனுக்கும் வியர்த்தது. ஆனால் அவன் காலடியில் உங்களுக்கு இருந்த மாதிரியே ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. உங்களுக்குத் தெரியாமல் அவன் அவற்றை மிதித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குள் இதைக் 'கால் கொடுப்பது' என்போம். நான் எழுத வந்தது அந்தக் காலைப் பற்றி.

ரத்தத்தில் ஓடும் டிரைவிங்

எங்கள் முதலாளி தனசேகர், அகரம்தென் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இன்று எங்கள் மாணவர்கள் ரிவர்ஸ் எடுக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன ஒரே விதி, முதல் நாள் வண்டி நின்றுபோகக் கூடாது. நின்றுபோனால் ஆள் பயந்துவிடுவார், மறுநாள் வரமாட்டார். ஆகவே கால் கொடு. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் நீ பிடித்துக்கொள், பிரேக்கை மறந்தால் நீ மிதி.

பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயதுவரை யாரோ ஓட்டிய வண்டியிலேயே போனவர். முதல் நாளே கேம்ப் ரோடு வரை போய்த் திரும்பினோம். அவர் செய்தது ஸ்டீயரிங்கைப் பிடித்தது மட்டும்தான், அதையும் நான் வலது கையால் அவ்வப்போது திருத்தினேன். சேலையூர் ஏரி ஓரம் ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி அழகாக நின்றது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டைப் பெருமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், எனக்கு டிரைவிங் ரத்தத்துலயே இருந்திருக்கு, இத்தன வருஷம் தெரியாமப் போச்சு பாருங்க."

திரும்பாத திருப்பம்

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பதினாறு வயதில் லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். எனக்கு யாரும் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவேன். எந்தச் சத்தம் வந்தால் எந்தக் கியர் என்று மனப்பாடம் ஆனது. பழைய புத்தகக் கடையில் மோட்டார் மெக்கானிசம் பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கி, தெரியாத சொற்களுக்கு அடியில் கோடு போட்டு, கோடு போட்டதை எல்லாம் மெக்கானிக்குகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அரசு பஸ் டிரைவர் ஆவதுதான் என் ஆசை. பெரிய ஸ்டீயரிங், காக்கிச் சட்டை, நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் நம் முகத்தைப் பார்த்து ஓடிவருவது, எல்லாம் வேண்டும் என்று இருந்தது.

இருபத்துநாலு வயதில் கூப்பிட்டார்கள். ஒரு பஸ்ஸில் பத்துப் பேரை ஏற்றி, ஒவ்வொருவராக ஓட்டச் சொன்னார்கள். மற்ற ஒன்பது பேரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். என் முறை. நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனேன். ஒரு குறுகிய இடது திருப்பம் வந்தது. என் கை கொஞ்சம் நடுங்கியிருக்க வேண்டும். பரீட்சை எடுக்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் திருப்புவதற்கு முன்பே அவர் குனிந்து என் கைமேல் தன் கையை வைத்து ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டார். வண்டி திரும்பிவிட்டது. அந்தத் திருப்பத்தை நானாகச் சரியாக எடுத்திருப்பேனா, சுவரில் உரசியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு முறையும் மனுவை வாங்கி நிரப்பினேன். அனுப்பவில்லை. நிரப்பிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அந்தப் பரீட்சைக்காரர் அன்று வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னது காதில் கேட்டது: "தம்பி, நீ ஓட்டறவன் பக்கத்துல உக்காரு, அதுக்குத்தான் நீ நல்ல ஆளு."

செருப்பு தேய்ந்த இடம்

என் மனைவி சரோஜா வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். தைத்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிறீர்களே, எனக்கு எப்போது என்று கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். அவள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலக் கால் கொடுத்தேன். மூன்று சுற்று வந்தோம். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. நான்காவது சுற்றில் அவளே நடுவில் நிறுத்தச் சொன்னாள்.

என் வலது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்துபோவதை அவள் பல வருஷமாகக் கவனித்திருக்கிறாள். நான் நடக்கிற நடையில் அது தேய வழியில்லை என்றும் யோசித்திருக்கிறாள். அன்று குனிந்து என் காலடியைப் பார்த்தாள். நீங்களா மிதிக்கிறீர்கள் என்று கேட்டாள். இல்லை என்றேன். இருபத்தைந்து வருஷத் திருமண வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் குறைவு, அதில் இது ஒன்று. அவள் சண்டை போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவள் காலமாகி இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. அன்று வண்டியில் இருந்து இறங்கும்போது சொன்னது இது: "வண்டிய நீங்க ஓட்டறீங்க, நான் புடவையப் புடிச்சிக்கிட்டு வேடிக்க பாக்கறேன். இதுக்கு ஷேர் ஆட்டோவே போதுமே."

சாவி இருந்த பாக்கெட்

பெனிட்டாவை அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். ஜெயக்குமார் சார், கணக்கு வாத்தியார். முதலாளியின் மகனுக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் ஆபீசில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பெனிட்டாவுக்கு இருபத்துமூன்று வயது. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குள் கார் லைசென்ஸ் காட்டினால் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கிற பிரிவு. இல்லாவிட்டால் அதே கம்பெனியில் காகிதங்களை அடுக்குகிற மேஜை. பழகுவதற்கான எல்.எல்.ஆர். முன்பே எடுத்துவைத்துவிட்டாள். வந்து உட்காரத்தான் தைரியம் வராமல் நாட்களைக் கழித்துவிட்டாள். கையில் ஐந்து வாரம்கூட முழுதாக இல்லை.

இவ்வளவையும் சொன்னது அவர்தான். நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். முன்பு ஓட்டியிருக்கிறாயாம்மா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். பெனிட்டா சுவரில் ஒட்டியிருந்த சிக்னல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது ஜெயக்குமார் சார் என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில், உதவி கேட்பது போலச் சொன்னார்: "அவளுக்கு ஓட்டல்லாம் வராது மாஸ்டர். லைசென்ஸ் வந்தா வரட்டும், வராம மேஜை வேலையே கெடச்சாக்கூட நான் சந்தோஷந்தான் படுவேன்."

பத்து நாள் வெயில்

முப்பது வருஷத்தில் முதல் நாள் பயத்தை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், இவள் பயம் வேறு மாதிரி இருந்தது. இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிளட்ச் தகடு எப்படிக் கவ்வுகிறது என்று எனக்கே விளக்கினாள். ஆனால் காலை எடுக்கச் சொன்னால் கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி சட்டென்று எடுத்துவிடுவாள். நான் பிடித்துக்கொண்டேன். அன்றும், மறுநாளும், அதற்கடுத்த நாளும்.

நான்காவது நாள் மாடம்பாக்கம் ரோட்டில் போகும்போது அவளாகப் பேச ஆரம்பித்தாள். பத்தாவது படிக்கும்போது, விடுமுறையில், அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துத் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துத் தெருவில் ஓட்டியிருக்கிறாள். எதிர்வீட்டு கேட்டில் மோதினாள். தம்பிக்கு மோவாயில் நாலு தையல். "அப்பா திட்டவேயில்ல மாஸ்டர். அடிச்சிருந்தாக்கூட அன்னிக்கே முடிஞ்சிருக்கும். மறுநாள்லருந்து சாவி அவரு சட்டப் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. ஸ்கூலுக்கு ரெண்டு வருஷம், குரோம்பேட்டை காலேஜுக்கு நாலு வருஷம், அவர்தான் கொண்டுபோய் விட்டாரு, அவர்தான் கூட்டிட்டு வந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல." ஆட்டோமொபைல் ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "ஓட்டத்தான் விடல, எப்படி ஓடுதுன்னாவது படிக்கலாமேன்னு."

நல்ல பெண், பயந்த பெண், நாமும் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அது நினைப்பாகத் தெரியவில்லை, பழக்கமாகத்தான் தெரிகிறது. பத்து நாளும் கால் கொடுத்தேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஹாரன் அடிக்கிறவர்களைத் திரும்பி முறைத்தாள். பத்தாம் நாள் வண்டியை ஆபீஸ் முன்னால் நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "மாஸ்டர், பத்து நாள்ல ஒரு தடவகூட வண்டி ஆஃப் ஆகல, நோட் பண்ணீங்களா?"

கால் மடக்கிய இன்ஸ்பெக்டர்

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரியை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அன்று இருந்தவர் சின்ன வயதுக்காரர், அதிகம் பேசாதவர். டெஸ்டுக்கு எங்கள் ஸ்கூல் வண்டியைத்தான் கொண்டுபோவோம். நான் இறங்கினேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு காலையும் பின்னால் மடக்கி, சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டார். இன்று அவளுக்குக் கால் கொடுக்க யாரும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெனிட்டா சாவியைத் திருப்பினாள். கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி நின்றது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே, வேப்பமரத்தடியில், மற்ற ஸ்கூல்காரர்களோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. டெஸ்ட் மைதானத்துக் கோடியில் ஒரு சின்ன மேடு உண்டு, பாதியில் நிறுத்தி மறுபடி ஏற வேண்டும். அவள் நிறுத்தினாள். எடுக்கும்போது வண்டி ஏறவில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. தன் காலடியில் பிரேக் இருப்பதையே அவள் மறந்துவிட்டாள். பத்து நாளில் அதற்குத் தேவையே வரவில்லையே. இன்ஸ்பெக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பெனிட்டா பக்கத்து சீட்டில் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி வரலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு அவளிடம் கேட்டார்: "இவ்வளவு நாளா இந்த வண்டிய யாரும்மா ஓட்டினது?"

இரண்டு பேர் எடுத்த சாவி

மூன்று நாள் அவள் வரவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. போன் செய்தால் அப்பாதான் எடுத்தார், தலைவலி என்றார். நான்காம் நாள் காலை நானே சேலையூரில் அவர்கள் தெருவுக்குப் போனேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. கால் கொடுப்பதை நான் எந்த மாணவரிடமும் சொன்னதும் இல்லை. ஜெயக்குமார் சார் கேட்டைத் திறந்தார். உள்ளே உட்காரச் சொன்னார். பெனிட்டா வந்ததும், நான் நின்றுகொண்டே, அவர் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். பத்து நாளும் கிளட்ச் பிடித்தது நான், பிரேக் மிதித்தது நான், நீ ஓட்டவில்லையம்மா, நான் உன்னை ஓட்டவிடவில்லை.

ஜெயக்குமார் சார் எனக்குப் பரிந்து பேசினார், பாதுகாப்புக்குத்தானே செய்தார் என்றார். பெனிட்டா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் உயரக்கூட இல்லை: "அப்பா சாவிய எடுத்துக்கிட்டாரு, எனக்குத் தெரியும். நீங்க சாவியக் கையில குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கிட்டீங்க மாஸ்டர், அதான் தெரியாமப் போச்சு."

சம்மணம்

மறுநாள் வந்தாள், ஒரு நிபந்தனையோடு. என் கால் பெடல் பக்கமே போகக் கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்தால் சட்டப்படி தப்பு. கால் கீழே இருந்தால் அது தானாகப் போகும், முப்பது வருஷப் பழக்கம். யோசித்து, சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவசரத்துக்கு ஹேண்ட் பிரேக் மட்டும் என் கைக்கு எட்டும். இதைப் படிக்கிற மாஸ்டர்கள் யாராவது இருந்தால், இதைச் செய்யாதீர்கள். முழங்கால் போய்விடும், வேறு சிலதும் போகலாம்.

முதல் நாள் மைதானத்தில் இருபத்தோரு முறை வண்டி நின்றது. அவள் எண்ணினாள். ஒவ்வொரு குதிக்கும் என் தலை கதவுக் கண்ணாடியில் இடித்தது. மூன்றாம் நாள் தெருவுக்கு வந்தோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்குக்காரன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா பெர்சு, பூஜையா?" என்றான். பெனிட்டா சிரிக்கவில்லை, அவள் கண் கிளட்ச் காலிலேயே இருந்தது.

முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. ஆபீசுக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கடிந்து பேசியதில்லை. மறுவாரம் டெஸ்ட், நீ பழையபடி உட்கார், இல்லாவிட்டால் வேறு மாஸ்டரைப் போடுகிறேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, டெஸ்ட் வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் மேஜைமேல் சாவியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "வண்டி போனா இன்சூரன்ஸ் கீது மாஸ்டர். நாலு பேரு உசுரு போனா, நீ எந்தக் கால வச்சி நிப்ப?"

மேம்பாலம்

அந்தக் கேள்வி என்னோடேயே வண்டியில் ஏறியது. டெஸ்டுக்கு முந்தைய நாள் பெனிட்டா மேம்பாலம் கேட்டாள். மைதானத்து மேடு குட்டி மேடு, பெரியதில் ஏறிவிட்டால் அது ஒன்றுமில்லை என்றாள். விடிந்ததும் கூட்டம் வருவதற்குள் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஆனால் தாம்பரம் மேம்பாலத்தின் உச்சியில் ஒரு தண்ணீர் லாரி பஞ்சராகி நின்றுவிட்டது. நாங்கள் ஏற்றத்தின் பாதியில் மாட்டிக்கொண்டோம். முன்னால் வரிசை, இரண்டு பக்கமும் பைக்குகள். பின்னால் நாலடி தள்ளி ஒரு ஸ்கூல் வேன். கண்ணாடியில் பார்த்தேன். நிறையச் சின்னத் தலைகள்.

வரிசை நகர்ந்தது. அவள் எடுத்தாள். நின்றது. ஹாரன். மறுபடி எடுத்தாள். வண்டி ஒரு சாண் பின்னால் போய் நின்றது. வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். மறுபடி ஒரு சாண். பெனிட்டாவின் கழுத்தில் வியர்வை ஓடியது. என் கால்கள் மரத்துப்போயிருந்தன. ஹேண்ட் பிரேக்கில் இருந்த என் கைமேல் அவள் கை வந்தது. அதை நான் இழுக்க வேண்டும், அல்லது அவளுக்கு விட வேண்டும். விட்டேன். ஆனால் என் வலது கால் நான் சொல்லாமலேயே மடியில் இருந்து இறங்கிவிட்டது. பிரேக் ரப்பர்மேல் உள்ளங்கால் பட்டது. அமுக்கக்கூட இல்லை. இரண்டு பெடலும் ஒரே கம்பியில் கட்டியவை, என் பக்கம் ஒரு நூல் அசைந்தால் அவள் பக்கம் தெரியும். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "கால எடுங்க மாஸ்டர்" என்றாள்.

எடுத்தேன். சீட்டின்மேல் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டேன். என் கை நடுங்கியது, இருபத்துநாலு வயதில் நடுங்கிய அதே மாதிரி. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்தாள். ஆக்சிலேட்டரை அமுக்கினாள். இன்ஜின் சத்தம் உயர்ந்தது. கிளட்ச்சை மெல்ல, மிக மெல்ல விட்டாள். வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கியது. அந்த இடம்தான். அந்த இடத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது, அவரவர் கால் கண்டுபிடிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி பின்னால் போகவில்லை. ஏறியது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் ஓரமாக நிறுத்தினாள். ஸ்கூல் வேன் எங்கள் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன், பெனிட்டா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். வேன் டிரைவர் அவளைப் பார்த்தார், சம்மணம் போட்ட என்னைப் பார்த்தார், என்னிடம் மட்டும் சொன்னார்: "பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது, நீ ஏன் பெர்சு இப்படி நடுங்குற?"

எட்டு மணி

அதே இன்ஸ்பெக்டர். அதே மாதிரி காலை மடக்கிக்கொண்டார். வேப்பமரத்தடியில் ஜெயக்குமார் சார் என் பக்கத்தில் நின்றார். ஸ்கூட்டர் சாவியைப் பாக்கெட்டில் இருந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். மேட்டில் வண்டி நின்றது. எடுக்கும்போது ஒரு முறை ஆஃப் ஆனது. ஜெயக்குமார் சார் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப பாருங்க சார்" என்றேன். அவர் பார்ப்பதற்குள் வண்டி மேட்டுக்கு மேலே இருந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி, கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் வேகம் பழக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

லைசென்ஸ் தேதிக்கு முன்னால் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி அவள் வண்டி ஓட்டிச் சோதிக்கிற பிரிவில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்குச் சேலையூரில் வந்து ஏற்றிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை ஜெயக்குமார் சார் ஆபீசுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தேன் என்றார், சொன்னார், ஆனால் எழுந்து போகவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கிவரச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கிளாஸை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூடம் ஒம்பதர மணிக்கு மாஸ்டர். ஆறு வருஷமா எட்டு மணிக்கு எனக்கு ஒரு வேல இருந்துது, இப்ப எட்டு மணிக்கு நான் எங்க போறது?"

இப்போது நான் யாருக்கும் கால் கொடுப்பதில்லை, அதனால் வாரத்துக்கு இரண்டு பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், முதலாளி என்னோடு முன்போலப் பேசுவதில்லை. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லித் திரிந்தவன் நிதானமாக யோசித்துப் பார்த்தால், கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பெண்ணுக்கு, மற்ற எல்லாரையும் நானே ஓட்டிக்கொண்டுபோய் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன்.